முகத்துக்கு எதை வாங்குவது? பரு, மங்கு, வறட்சி, எரிச்சலுக்கான பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

எந்த சீரம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், முகத்தில் இருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும். நெற்றி நிறையப் பொரிப்பொரியாக வந்திருப்பதைப் பரு என்று எண்ணி மாதக்கணக்கில் பரு கிரீம் தடவுகிறவர்கள் உண்டு. அது பூஞ்சையால் வந்த பொரியாக இருந்தால் எத்தனை டியூப் தீர்ந்தாலும் அடங்காது. மங்குக்கும் பரு விட்டுப்போன கறைக்கும் வைத்தியம் ஒன்றல்ல. மூக்கோரம் தோல் உரிகிறதே என்று எண்ணெய் தடவுவார்கள். உரிவதற்குக் காரணம் வறட்சியாக இல்லாவிட்டால் அது இன்னும் கூடும். இருப்பதைச் சரியாகப் பார்த்துவிட்டால் வாங்க வேண்டிய பட்டியல் தானாகச் சுருங்கும். பெரும்பாலோருக்கு நான்கு பொருள் போதும், அதிலும் மூன்று எல்லோருக்கும் பொதுவானவை.

முதலில் முகத்தைக் காலி செய்யுங்கள்

ஏற்கெனவே ஐந்தாறு பொருள்களைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், புதிதாக எதையும் வாங்காமல் இரண்டு வாரம் பொறுங்கள். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். மற்றதெல்லாம் அலமாரிக்குள் போகட்டும். சிவப்பு, எரிச்சல், சின்னச் சின்னப் பொரி எல்லாம் இந்த இடைவெளியிலேயே தணிந்துவிட்டால், கோளாறு பாட்டில்களில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. ஸ்டீராய்டு கலந்த கிரீமை நாள்பட முகத்தில் தடவி வந்தவர்கள் அதைச் சட்டென்று விட்டால் முகம் கனன்று சிவந்து பொரி பொங்கும். அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் விட வேண்டும்.

பிறகு சருமத்தின் தன்மையைப் பாருங்கள். முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். கன்னம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம். முகம் முழுக்க மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுமினுத்தால் கலப்புச் சருமம். எண்ணெயும் வழிகிறது, இழுக்கவும் செய்கிறது என்றால், பெரும்பாலும் அளவுக்கு மீறிக் கழுவியோ, தோலை உரிக்கும் ஆசிட் சீரம் தடவியோ மேல்தோலின் காப்பு கெட்டிருக்கும். பருவநிலை மாறினால் இந்த முடிவும் மாறும். ஒருமுறை பார்த்துவிட்டு ஆயுசுக்கும் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கண்ணாடி முன் பார்க்க வேண்டியவை

வெளிச்சமான ஜன்னலருகே நின்று பாருங்கள். குளியலறை விளக்கு எல்லாவற்றையும் மறைத்துவிடும், இல்லாவிட்டால் பூதாகரமாக்கிவிடும்.

துளை அடைத்துக்கொள்வதுதான் பருவின் ஆரம்பம். மேல்தோல் மூடியிருந்தால் வெள்ளை முனை, திறந்திருந்தால் பிளாக்ஹெட். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. துளையில் சேர்ந்த எண்ணெயும் இறந்த செல்களும் நிறமியும் காற்றுப்பட்டுக் கறுத்தது. எனவே தேய்த்துக் கழுவிப் போக்க முடியாது. மூக்கின் மேல் ஒரே அளவில், சாம்பல் நிறத்தில், அடுத்தடுத்துத் தெரியும் புள்ளிகள் பிளாக்ஹெட்கூட இல்லை. அவை எண்ணெய் வெளிவரும் இழைகள், எல்லோர் மூக்கிலும் இருக்கும். பிதுக்கினாலும் சில வாரங்களில் மறுபடி நிறையும். மூக்கில் பட்டை ஒட்டி உரிக்கும் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அடைப்புகளோடு சிவந்த பருவும் சீழ் வைத்த பருவும் கலந்து, சிறிதும் பெரிதுமாக இருந்தால் அது வழக்கமான முகப்பரு. தொட்டால் உள்ளே கட்டிபோல் உருண்டு, வலித்து, ஆறும்போது குழி விழுகிறதென்றால் கடைப்பொருள்களில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாப் பொரியும் ஒரே அளவில், நெற்றியிலும் முடியோரத்திலும் மார்பு முதுகிலும் வந்து, அரிக்கவும் செய்தால் மலசீசியா என்ற பூஞ்சையைச் சந்தேகியுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டபின் இது கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பருவில் அரிப்பு முதன்மையான தொந்தரவாக இருப்பதில்லை. அரிப்பும் ஒரே அளவும்தான் இங்கே துப்பு.

மூக்கின் இரு ஓரங்கள், புருவம், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் மஞ்சள் படர்ந்த, எண்ணெய்ப் பிசுக்குள்ள செதில் உதிர்ந்தால் அது முகத்தில் வந்த பொடுகு. தலையிலும் பொடுகு இருக்கிறதா பாருங்கள். கன்னமும் மூக்கும் அடிக்கடி சூடேறிச் சிவந்து, வெயிலிலோ அடுப்படியிலோ காரம் சாப்பிட்டாலோ எரிந்து, பிளாக்ஹெட் மட்டும் இல்லாமல் இருந்தால் ரோசேசியாவாக இருக்கலாம். கருமையான சருமத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சூட்டையும் எரிச்சலையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். உதட்டோரம் மட்டும் ஒரு கோடு விட்டு, வாயைச் சுற்றிப் பொரிந்திருந்தால் முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் ஏதும் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நிறமாற்றத்தில் முக்கியமாகப் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. பரு இருந்த இடத்திலேயே புள்ளிப்புள்ளியாக இருப்பது பருக்கறை. இரு கன்னங்களிலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும், இடமும் வலமும் ஒத்தாற்போல் திட்டாகப் படர்ந்திருப்பது மங்கு. விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அது தழும்பு. கறை மங்கும், பள்ளத்தை நிரப்பும் கிரீம் கிடையாது.

எல்லோருக்குமான மூன்று

ஃபேஸ்வாஷ். சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணச் சோப்புக் கட்டி காரம், 9 முதல் 10 வரை போகும். அந்த வித்தியாசம்தான் கழுவியதும் வரும் இழுப்பு. சோப்பு கலவாத, நுரை குறைந்த கிளென்சர் வறண்ட சருமத்துக்கும் எரியும் சருமத்துக்கும். ஜெல் போன்றது எண்ணெய்ச் சருமத்துக்கு. காலையும் இரவும் ஒரு தடவை, வியர்த்துக் கொட்டினால் இன்னொரு தடவை. வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனி, அரை நிமிடம் போதும். ‘கீச்’சென்று சத்தம் வரும் அளவுக்குக் கழுவினால்தான் சுத்தம் என்ற எண்ணம் பல முகங்களைக் கெடுத்திருக்கிறது. ஃபேஸ்வாஷில் விலை உயர்ந்த வைட்டமினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும்.

மாய்ஸ்சரைசர். நல்ல மாய்ஸ்சரைசரில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கும். ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை: கிளிசரின், ஹயலுரானிக் ஆசிட், யூரியா. செல்களின் இடுக்கை நிரப்பி மெத்தென்று ஆக்குபவை: செரமைடு, ஸ்குவாலேன், கொழுப்பு அமிலங்கள். மேலே போர்த்தி ஈரம் போகாமல் தடுப்பவை: பெட்ரோலேட்டம், டைமெத்திகோன். எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல்லோ மெல்லிய லோஷனோ, வறண்ட சருமத்துக்குச் செரமைடும் கிளிசரினும் உள்ள கெட்டியான கிரீம். முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் தடவினால் அதே கிரீம் இரண்டு மடங்கு உபயோகமாகத் தெரியும். எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் வேண்டாம் என்பது தவறு. தடவும் பரு மருந்துகள் பெரும்பாலும் உலர்த்துபவை. மாய்ஸ்சரைசர் இல்லாதவர்தான் இரண்டாவது வாரத்தில் மருந்தைக் கைவிடுகிறார்.

சன்ஸ்கிரீன். பருக்கறையோ மங்கோ இருப்பவர் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கட்டும். எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யு.வி.பி. கதிரிலிருந்து காக்கும் அளவு. 30 அந்தக் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 ஏறத்தாழ 98. எண்ணில் உள்ள இடைவெளி பெரிதாகத் தெரிந்தாலும் தடுப்பில் வித்தியாசம் அவ்வளவுதான். முக்கியம் அளவு. அந்த எண் சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிக் கணக்கிடப்படுவது. நாம் வழக்கமாகத் தடவுவது அதில் பாதிகூட இராது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. ஒரே வீச்சில் பூசினால் திட்டுத்திட்டாக வழியும் என்பதால் முதல் விரலைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, அடுத்த விரலைத் தடவலாம். காதும் கண்ணோரமும் மறந்துபோகும் இடங்கள்.

தோலில் ஆழமாக இறங்கும் இன்னொரு வெயில் கதிரான யு.வி.ஏ.வுக்கு எஸ்.பி.எஃப். எண் எதையும் சொல்லாது. பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி, அல்லது வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள். ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைப் பெருமளவு தடுத்துவிடும், யு.வி.ஏ. உள்ளே வரும், மங்கு உள்ளவர் வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் தடவ வேண்டியது அதனால்தான். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. வெள்ளை பூத்தாற்போல் தெரிகிறது என்று அளவைக் குறைப்பவர்கள், அளவைக் குறைக்காமல் சன்ஸ்கிரீனை மாற்றுங்கள். சருமத்தின் நிறத்தோடு கலந்துவிடும் சாயம் சேர்த்த வகை கிடைக்கிறது. கண் எரிந்தால் துத்தநாக ஆக்சைடு உள்ளதைக் கண்ணைச் சுற்றி மட்டும் தடவிப் பாருங்கள்.

இந்த மூன்றும் ஒத்துக்கொண்டன என்று இரண்டு வாரத்தில் தெரிந்தபின்தான் நான்காவது பொருள்.

நான்காவது பொருள்: பருவுக்கு

அடைப்பு மட்டும் இருந்தால் சாலிசிலிக் ஆசிட், 0.5 முதல் 2 சதவீதம். எண்ணெயில் கரையும் தன்மை இருப்பதால் துளைக்குள் இறங்கும். கழுவிவிடும் ஃபேஸ்வாஷைவிடத் தடவி விட்டுவிடும் திரவமோ ஜெல்லோ பலன் கூடத் தரும். வாரம் மூன்று இரவில் தொடங்குங்கள்.

சிவந்த பருவும் சீழும் அதிகமென்றால் பென்சாயில் பெராக்சைடு. இதில் 2.5 சதவீதம், 5, 10 என்று வலிமைகள் உண்டு. சிவந்த பருவில் 2.5-க்கும் 10-க்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை; எரிச்சலில் உண்டு. ஆகவே 2.5. கிருமி இதற்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் பெரிய பலம், ஆன்டிபயாடிக் ஜெல்லுக்கு அந்தப் பலம் கிடையாது. தொல்லை ஒன்று: துணியை வெளுக்கும். தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. எரிச்சல் தாங்காதவர்கள் கழுவும் வகையை வாங்கி, இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்துக் கழுவலாம்.

அடைப்பும் சிவந்த பருவும் கலந்திருக்கிறது, மாதக்கணக்கில் மாறி மாறி வருகிறது என்றால் அடாபலீன் 0.1 சதவீத ஜெல். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. துளை அடைத்துக்கொள்வதையே தடுப்பதால், வந்த பருவைவிட வரப்போகும் பருவுக்கான வைத்தியம் இது. சில நாடுகளில் சீட்டில்லாமல் கிடைக்கும், மற்ற இடங்களில் மருத்துவர் எழுத வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் அடாபலீன், அதே குடும்பத்து ட்ரெட்டினாயின், ரெட்டினால் எதையும் தொடக்கூடாது.

அடாபலீனைத் தடவும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இரவு முகம் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் தடவினால் எரிச்சல் கூடும். ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து பொட்டு வைத்துப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைக்கும் மருந்தல்ல, முகம் முழுவதற்கும். உதட்டோரம், மூக்கு மடிப்பு, கண்ணோரம் ஆகிய இடங்களில் முன்னதாகவே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டால் அங்கே புண்ணாகாது. மேலே மாய்ஸ்சரைசர். சருமம் மெல்லியது என்றால் மாய்ஸ்சரைசர், அடாபலீன், மறுபடி மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு, பொறுத்துக்கொண்டால் தினமும்.

முதல் ஆறு வாரத்தில் பரு கொஞ்சம் கூடுவதுண்டு. உள்ளே இருந்த அடைப்புகள் வேகமாக மேலே வருகின்றன. வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்து சீக்கிரம் அடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். இதுவரை வராத இடத்தில் வந்தாலோ, அரித்தாலோ, எரிந்தாலோ அது ஒவ்வாமை அல்லது எரிச்சல், நிறுத்துங்கள். ‘உள்ளிருக்கும் அழுக்கு வெளியேறுகிறது’ என்று விற்பவர் சொல்வதை நம்பி எரிகிற முகத்தில் மேலும் தடவாதீர்கள். பலனைப் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும். முகம் தெளிந்ததும் நிறுத்தினால் பரு திரும்பும், வாரம் இரண்டு மூன்று இரவாவது தொடருங்கள்.

நான்கு வாரம் அடாபலீன் பழகியபின்னும் சிவந்த பரு வந்தால் காலையில் பென்சாயில் பெராக்சைடைச் சேர்க்கலாம். ட்ரெட்டினாயினோடு மட்டும் அதை ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள், பழைய வகை ட்ரெட்டினாயினைப் பெராக்சைடு சிதைத்துவிடும்.

கறைக்கும் மங்குக்கும்

பரு நிற்காமல் கறை போகாது. தினமும் புதுக் கறை உருவாகிக்கொண்டிருக்கும்போது பழையதற்கு சீரம் வாங்குவது வீண். எனவே பரு மருந்தும் சன்ஸ்கிரீனும் முதலில். பருவுக்கும் கறைக்கும் சேர்த்து ஒரே பொருள் வேண்டுமென்றால் அசெலாயிக் ஆசிட். கடைகளில் 10 சதவீதம் கிடைக்கும், 15-உம் 20-உம் பெரும்பாலும் மருந்துச் சீட்டில். பரு, கறை, ரோசேசியா மூன்றுக்கும் ஆகும். கர்ப்பகாலத்தில் மருத்துவர்கள் அனுமதிக்கும் வெகுசில பொருள்களில் ஒன்று. தடவிய முதல் சில வாரம் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்றிருக்கும், பெரும்பாலோருக்குப் பழகிவிடும்.

கறைக்கு நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) 4 அல்லது 5 சதவீதம் சாதுவான தேர்வு. 10 சதவீதம் என்று பெரிதாக அச்சிட்டு விற்பவை கூடுதல் பலன் தருகின்றனவோ இல்லையோ, சிலருக்குச் சிவப்பைத் தருகின்றன. வைட்டமின் சி என்றால் எல்-அஸ்கார்பிக் ஆசிட் 10 முதல் 20 சதவீதம், காற்றுப் புகாத, ஒளி படாத பாட்டிலில். திரவம் ஆரஞ்சுப் பழுப்பாக மாறினால் கெட்டுவிட்டது. சீக்கிரம் கெடும், விலையும் அதிகம், எண்ணெய்ச் சருமத்தில் பிசுபிசுக்கும். தொடக்கக்காரர்களுக்கு இதைவிட அசெலாயிக் ஆசிட் மேல்.

பழுப்பாக இருக்கும் கறை மேல்தோலில் இருக்கிறது. சில மாதங்களில் மங்கும். சாம்பல் நீலமாகத் தெரிவது ஆழத்தில் இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

மங்கு வேறு சங்கதி. ஹார்மோன், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், வெப்பம், பரம்பரை என்று பல காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட அதைக் கருக்கச் செய்யும், சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியை நிறுத்தாது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, சாயம் கலந்த சன்ஸ்கிரீன் நிறுத்தும். மங்குக்காரர்கள் லேபிளில் தேட வேண்டிய சொல் அதுதான். ஹைட்ரோகுயினோன் நிறத்தை மங்கவைக்கும் வலிமையான மருந்து. மருத்துவர் சொன்ன சில மாதங்களுக்கு மேல் தானாக நீட்டித்தால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலக்கறுப்பு நிறமாற்றம் வரலாம், அதை மாற்றுவது மங்கை மாற்றுவதைவிடக் கடினம். மங்கு மறைந்தாலும் ஒரு கோடையில் திரும்பும். அதைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம், ஒரேயடியாகத் துடைத்தெறிவதாகச் சொல்லும் கிரீமை நம்ப வேண்டாம்.

மற்றவை, சுருக்கமாக

பூஞ்சைப் பொரிக்கும் முகப் பொடுகுக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஃபேஸ்வாஷ்போல் பயன்படுத்தலாம். வாரம் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம் வைத்து, கண்ணில் படாமல் கழுவ வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். இந்த நாள்களில் முகத்தில் எண்ணெய் வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

காப்பு கெட்டு எரியும் முகத்துக்கு நான்காவது பொருளே கிடையாது. கிளென்சர், செரமைடு கிரீம், சன்ஸ்கிரீன், ஒரு மாதம். வெறும் தண்ணீர் பட்டாலும் எரிந்தால் காலையில் கிளென்சரையும் விட்டுவிட்டுத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

ரோசேசியாவுக்கு ஸ்க்ரப், மென்தால், ஆல்கஹால் டோனர் எதுவும் ஆகாது. கருவளையத்தில் கிரீமுக்கு அடங்குவது சிறு பகுதிதான். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நிழலென்றால் எந்தக் கிரீமும் மாற்றாது. முகத்தை விளக்கை நோக்கி உயர்த்தும்போது கருமை மறைந்தால் அது நிழல். சுருக்கத்துக்கு சன்ஸ்கிரீன், அதற்கடுத்து ரெட்டினால்.

லேபிளைப் படிப்பது

உட்பொருள் பட்டியல் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரும். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளுக்குப் பல நாடுகளில் உச்சவரம்பு 1 சதவீதம். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்திய செடிச் சாறு அதற்குப் பின்னால் வந்தால், அது பேருக்குத்தான் இருக்கிறது. இதை எல்லாவற்றுக்கும் நீட்டாதீர்கள். ரெட்டினால், ஹயலுரானிக் ஆசிட் போன்றவை 1 சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும்.

‘நான்-காமெடோஜெனிக்’ (துளையை அடைக்காது), ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ (ஒவ்வாமை தருவது குறைவு), ‘சரும மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ ஆகியவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. முதலாவது இருந்தால் நல்லது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். வாசனை சேர்த்ததைக் குறிக்கும் பார்ஃபம், ஃபிராக்ரன்ஸ் என்ற சொற்கள்தான் உண்மையில் தேடிப் பார்க்க வேண்டியவை. முகத்தில் வரும் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள்கள் முக்கியக் காரணம். லாவெண்டர், சிட்ரஸ் எண்ணெய்களும் அந்தக் கணக்கில்தான் வரும், இயற்கையானது என்பதால் விலக்கில்லை. ‘அன்சென்டட்’ என்றால் மணம் தெரியாது என்றுதான் பொருள். மூலப்பொருளின் நெடியை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம்.

உட்பொருள் பட்டியலே இல்லாத வெளுப்பு கிரீமைத் தொடாதீர்கள். சில நாளில் முகம் பளிச்சென்று ஆகிறதென்றால் பாதரசமோ வலுவான ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்புண்டு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருள்களில் அதை ஒழிக்க வழிசெய்கிறது, ஆனாலும் சந்தையிலிருந்து மறையவில்லை. தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்ற எச்சரிக்கை டப்பாவில் இருந்தால் அது பாதரசத்தின் அடையாளம். பட்டியலில் கலோமல், மெர்குரிக், மெர்குரஸ் என்ற சொற்களைப் பாருங்கள். ஸ்டீராய்டு என்றால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன். இவை மருந்துகள், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிந்து, பரு பொங்கி, விட்டால் எரியும் நிலைக்குக் கொண்டுவரும்.

புதிய பொருளைச் சேர்க்கும் முறை

முழங்கை மடிப்பில் ஒரு நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யக்கூடாது, ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகத்தான் தலைகாட்டும். கழுவிவிடும் பொருளை வழக்கமாக முகத்தில் இருக்கும் நேரத்துக்கு வைத்துக் கழுவுங்கள். பிறகு தாடையோரம், பிறகு முகம்.

ஒரு நேரத்தில் ஒரு பொருள், இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால், ஒத்துவராதது எது என்று கடைசிவரை தெரியாது. ஒத்துவந்தது எது என்றும் தெரியாது.

தடவும் வரிசை: காலையில் கழுவி, மெல்லிய சீரம் இருந்தால் அது, மாய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிரீன். இரவில் கழுவி, மருந்து, மாய்ஸ்சரைசர். அடாபலீன் போடும் இரவில் தோலை உரிக்கும் கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக் ஆசிட்கள் வேண்டாம். கிளைகாலிக், லாக்டிக் வகை ஆசிட்களை நிறுத்தி ஒரு வாரம் ஆகும்வரை வெயில் வழக்கத்தைவிட அதிகம் சுடும், விடுமுறைப் பயணத்துக்கு முந்தின வாரம் புதிதாகத் தொடங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை எதுவும் இந்த வரிசையில் எங்கும் வராது. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கொப்புளமும் கறையும் வரும்.

வாங்கியதன்மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். டப்பாவின் பின்புறம், மூடி திறந்த ஜாடிப் படத்துக்குள் 6, 12 என்றிருக்கும் எண் திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதைச் சொல்கிறது.

மருத்துவரிடம் எப்போது

கட்டிப் பரு, குழி விழும் பரு, பன்னிரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் மாறாத பரு, மாதவிடாய் ஒழுங்கின்மையோடும் முகத்தில் முடி வளர்ச்சியோடும் சேர்ந்து வரும் பரு, பரவிக்கொண்டே போகும் மங்கு, வடிவமோ நிறமோ மாறும் மச்சம், முகம் வீங்கும் ஒவ்வாமை. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். போகும்போது தடவிய எல்லாவற்றின் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், கால் டியூப் மிச்சமிருக்கும் பழைய கிரீம் உட்பட. ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எடுத்த படங்கள் கைப்பேசியில் இருந்தால் அதையும் காட்டுங்கள். அன்று முகத்தில் சன்ஸ்கிரீனோ பவுடரோ எதுவும் வேண்டாம்.